விரும்பி ஏற்ற ஆபத்து

மனிதன் ஒருவன் தன் உயிருக்கு இறுதி விளைக்கக்கூடிய தொழில் ஒன்றைத் தானே விரும்பி மேற்கொள்கிறான் என வைத்துக்கொள்வோம். அத்தொழிலிலே அவனுக்கு நேரும் தீங்கிற்குப் பிறர் எவரேனும் பொறுப்பாளராவரோ? ரோமரின் சட்டச் சிந்தனை வழியாக மேனாட்டார் பெற்ற பழைய விதியொன்று இக்கேள்விக்கு 'இல்லை' என்று விடை கூறுகிறது. விரும்பி ஏற்றுக்கொண்டவனுக்கு அநீதி எதுவும் இழைக்கப்படவில்லை என்பதே அவ்விதி. கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத் தோன்றும் விதிதான். மனிதனுடைய சுயாதீனத்தை மதிப்பது போன்ற தோற்றமும் அதற்கு உண்டு. ஆயினும் இவ்விதியின் நிழலில் யார் யார் இளைப்பாறி வந்துள்ளனர் என்பதை ஆராய்ந்து பார்ப்பது எமது கடமையாகும்.

சுரங்கத்தில் இறங்குபவனையும், உயர்ந்த கட்டடத்திற் சாரம் கட்டுபவனையும் உதாரணமாக எடுத்துக்கொண்டால் விடை காண்பது எளிது. வயிற்றுப்பாடு அவர்களை அங்கே துரத்திற்று, அவர்களுடைய விருப்பம் பெயரளவிலான விருப்பமே என்று கூறி முடித்துவிடலாம். எனவே நாம் வேண்டுமென்றே கடினமான உதாரணம் ஒன்றைத் தெரிந்துகொள்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மோட்டார்ப் பந்தயச் சாரதியை எவரும் பட்டினி போட்டுத் தடத்திற்கு அனுப்பவில்லை. அவன் வேகத்தை நேசிப்பவன். புகழும் பணமும் அவனுக்குக் கிடைக்கக்கூடும். வேறு தொழில் செய்து வாழும் வல்லமையும் அவனிடம் உண்டு. 'விரும்பி ஏற்ற ஆபத்து' என்ற சொற்றொடர் எவருக்கேனும் முழுமையாகப் பொருந்துமாயின் அவனுக்கே பொருந்த வேண்டும். அவனுடைய விடயத்திலேயே அவ்விதி ஆட்டங் காணுமாயின், வறுமையால் துரத்தப்பட்டவனின் விடயத்தில் அது எவ்வாறு நிலைநிற்கும்?

'ஸ்ரொக் கார்' எனப்படுவது, பந்தயத்திற்கெனத் தனியே உருவாக்கப்படாமல், கடையில் விற்பனைக்கு வரும் சாதாரணக் காரின் இனத்தைச் சேர்ந்தது என்பது பொருள். தொடக்கத்தில் அது உண்மையாகவும் இருந்தது. தென் மாநிலங்களின் மண் தடங்களிலே உள்ளூர் இளைஞர்கள் தம் கார்களைத் திருத்தி ஓட்டிய விளையாட்டு அது. 1947 ஆம் ஆண்டின் இறுதியில் புளோரிடாவின் டேற்றோனாக் கடற்கரையில் கூட்டப்பட்ட கூட்டமொன்றில், வில்லியம் பிரான்ஸ் என்பவரின் முயற்சியால், நாஸ்கார் என்னும் சங்கம் தோன்றியது. பெயரிற் சங்கமாயினும் அது சாரதிகளின் சங்கமன்று. பந்தயங்களை நடத்துவோரின் நிறுவனமே அது. பிரான்ஸ் குடும்பத்தின் உடைமையாகவே அது வளர்ந்தது. 1959 இல் டேற்றோனாவில் இரண்டரை மைல் சுற்றளவுள்ள பெருந்தடம் திறக்கப்பட்டதும் மண் தடத்தின் காலம் மறையத் தொடங்கியது. பெருவேகத் தடங்களின் காலம் பிறந்தது.

அலபாமா மாநிலத்தின் ரலடேகாவில், பழைய விமானத் தளமொன்று இருந்த நிலத்தில், டேற்றோனாவையும் விஞ்சும் தடமொன்றைப் பிரான்ஸ் 1969 இல் அமைத்தார். அதன் சுற்றளவு 2.66 மைல். வளைவுகளில் அதன் தளம் 33 பாகை சாய்ந்திருக்கிறது. மனிதன் நடந்து ஏறுவதற்கே சிரமப்படும் சாய்வு அது. சாதாரணச் சாலையின் வளைவிலே வேகத்தைக் குறைக்காத கார் வெளிப்புறமாக வீசப்படும். இத்தடத்தின் சாய்வோ காரைத் தளத்தோடு அழுத்திப் பிடித்து, வேகம் குறையாமல் வளைவைக் கடக்க இடமளிக்கிறது. அவ்வாண்டு செப்டெம்பர் 14 ஆம் நாள் 500 மைல் தூர முதற் பந்தயம் நடைபெறவிருந்தது. தகுதிகாண் ஓட்டங்களிற் கார்கள் மணிக்கு 200 மைல் வேகத்தை அண்மின. தடத்தை ஒரு முறை சுற்றிவர ஐம்பது வினாடியும் தேவைப்படவில்லை. அந்த வேகத்திற் செல்லும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 290 அடி தூரத்தைக் கடந்துவிடும் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

வேகத்தை இயந்திரம் தந்தது. சாய்வான தளம் அதற்கு இடங்கொடுத்தது. ஆனால் ரயர் இடங்கொடுக்கவில்லை. இடப்புறமாகவே திரும்பிச் சுற்றும் இத்தகைய பந்தயத்தில் காரின் பாரம் வலப்புற ரயர்களின் மீது மிகையாக விழுகிறது. அப்பாரத்தாலும் புதிய தளத்தின் உராய்வாலும் எழுந்த வெப்பத்தில், பயிற்சி ஓட்டத்தின்போது சில சுற்றுக்களிலேயே ரயர்கள் பிய்ந்து சிதறின. குட்இயர், பயர்ஸ்ரோன் ஆகிய இரு பெருங் கம்பனிகளின் பொறியியலாளரும் அங்கே இருந்தனர். அவ்வேகத்தை அத்தடத்தில் 500 மைல் தூரம் தாங்குமென்று நம்பத்தக்க ரயர் எவரிடமும் இருக்கவில்லை. அங்கு எழுந்த பிரச்சினை சாரதியின் திறமையைப் பற்றியதன்று. எவ்வளவு திறமை வாய்ந்தவனும் வெடிக்கப்போகும் ரயரைக் கையால் தடுக்க முடியாது.

அதற்கு முந்திய மாதத்திலேயே சாரதிகள் 'தொழின்முறைச் சாரதிகள் சங்கம்' என்ற அமைப்பை உருவாக்கியிருந்தனர். றிச்சட் பெற்றி அதன் தலைவர். அக்காலத்தில் அவ்விளையாட்டில் அவரிலும் புகழ் பெற்றவர் இலர். 1967 ஆம் ஆண்டில் மட்டும் 27 பந்தயங்களில் வென்றவர் அவர். பரிசுப் பணத்தில் நியாயமான பங்கு, காப்புறுதி, ஓய்வூதியம், தடங்களிற் பாதுகாப்பு, அடிப்படை வசதிகள் என்பன அச்சங்கத்தின் கோரிக்கைகள். ரலடேகாப் பந்தயத்தை ஒத்திவைக்குமாறு சாரதிகள் கேட்டனர். பிரான்ஸ் மறுத்தார். பந்தயத்திற்கு முதல் நாள், சனிக்கிழமை, பெற்றியும் அவரோடு முப்பதுக்கு மேற்பட்ட சாரதிகளும் தங்கள் கார்களை லொறிகளில் ஏற்றிக்கொண்டு வெளியேறினர். புகழ்பெற்ற சாரதிகளுள் பொபி ஐசக் போன்ற மிகச் சிலரே எஞ்சினர்.

இந்நிகழ்ச்சியில் எமது சிந்தனைக்குரிய முதல் விடயம் வில்லியம் பிரான்ஸ் கையாண்ட வாதம். அவர் வெறும் சொல்லால் வாதிடவில்லை. அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த அவர் தாமே காரொன்றில் ஏறி, மணிக்கு ஏறத்தாழ 175 மைல் வேகத்தில் அத்தடத்தைச் சுற்றி வந்தார். 'இந்த வயதில் நானே ஓட்டக்கூடிய தடத்தைக் கண்டு நீங்கள் அஞ்சுவதா?' என்பதே அச்செயலின் பொருள். அவருடைய துணிவை நாம் மறுக்கவில்லை. அலுவலக மேசையின் பின்னால் இருந்துகொண்டு பிறரை ஆபத்திற்கு அனுப்பும் முதலாளிகளோடு ஒப்பிடுகையில் அவர் நேர்மையானவர் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அவ்வாதத்தின் உள்ளே பெருங் குறையொன்று உண்டு. பிரான்ஸ் தனியே ஓட்டினார். தமக்கு வேண்டிய வேகத்தில் ஓட்டினார். வேண்டியபோது நிறுத்தினார். பந்தயச் சாரதிக்கு இம்மூன்று உரிமைகளும் இல்லை. அவனுடைய வேகத்தைத் தீர்மானிப்பது அவனுடைய மனமன்று; அவனுக்கு அருகில் ஓடுபவனின் வேகமே. 'ஆபத்தென்றால் மெதுவாக ஓட்டலாமே' என்று அவனுக்கு அறிவுரை கூறுவது எளிது. மெதுவாக ஓட்டுபவன் தோற்கிறான். தொடர்ந்து தோற்பவனுக்குக் கார் கொடுப்பாரில்லை. பத்துப் பேரும் 180 மைல் வேகமே போதும் என உள்ளத்தில் எண்ணினாலும், ஒருவன் 190 இல் ஓடினால் மற்ற ஒன்பது பேரும் 190 இல் ஓடியே ஆகவேண்டும். எவரும் விரும்பாத வேகம், ஒவ்வொருவரும் 'விரும்பி' ஓட்டும் வேகமாகிவிடுகிறது.

விரும்பி ஏற்ற ஆபத்து என்ற கோட்பாட்டின் அடித்தளம் இவ்விடத்திலேயே பிளவுபடுகிறது. அக்கோட்பாடு தனிமனிதனையும் ஆபத்தையும் எதிரெதிரே நிறுத்தி, 'ஏற்கிறாயா, மறுக்கிறாயா?' என்று வினவுகிறது. உண்மையில் அவனுக்கு எதிரே நிற்பது ஆபத்து மட்டுமன்று, போட்டியும் நிற்கிறது. போட்டியின் நிபந்தனைகளைத் தனியொருவனால் மாற்ற முடியாது. விலகிப் போவது ஒன்றே தனிமனிதனுக்குள்ள தெரிவு. எவ்வளவு ஆபத்தோடு ஓடுவது என்னும் தெரிவு எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யும்போதுதான் பிறக்கிறது. ஆகவே சாரதிகளின் சங்கம் தனிமனித சுயாதீனத்தின் பகையன்று. தனியாக நின்றபோது அவர்களிடம் இல்லாதிருந்த ஒரு சுயாதீனத்தை அதுவே அவர்களுக்கு முதன்முதலாக அளிக்க முயன்றது.

பந்தயம் நிற்கவில்லை. முதல் நாளன்று வேறொரு பிரிவில் ஓடிய சிறிய கார்களைக் கொண்டு வரிசை நிரப்பப்பட்டது. அறுபதினாயிரம் அளவிலான மக்கள் வந்திருந்தனர். அவர்களுடைய நுழைவுச்சீட்டைப் பின்னர் நடைபெறும் மற்றொரு பந்தயத்திற்கும் பயன்படுத்தலாம் என்று பிரான்ஸ் அறிவித்தார். வட கரோலினாவைச் சேர்ந்த றிச்சட் பிறிக்ஹவுஸ் என்பவர், அன்று முதன்முறையாகக் களமிறங்கிய இறக்கை பொருத்திய டொட்ஜ் காரை ஓட்டி வென்றார். முதன்மைத் தொடரில் அவர் பெற்ற ஒரே வெற்றி அதுவே.

அவரை நாம் என்னவென்று அழைப்பது? தொழிலாளர் இயக்கத்தின் அகராதியில் அதற்கு ஆயத்தமான சொல்லொன்று உண்டு: கருங்காலி. அச்சொல்லைத் தயக்கமின்றி எடுத்து வீசிவிட எம்மால் இயலவில்லை. முன்னணிச் சாரதிகளுக்கு மறுநாளும் கார் உண்டு, புகழ் உண்டு, பெருங் கம்பனிகளின் ஆதரவு உண்டு. அறியப்படாத சாரதிக்கு அன்று திறந்த கதவு மறுநாள் மூடிவிடும். நல்ல கார் ஒன்றில் அமரும் வாய்ப்பு வாழ்நாளில் ஒரு முறையே வரலாம். அவ்வாய்ப்பு மற்றவர்களின் மறுப்பிலிருந்து பிறந்தது என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆயினும் வெளியேறியவர்களின் நியாயத்தை ஏற்றுக்கொள்ளும் நாம், உள்ளே நின்றவரின் நிர்ப்பந்தத்தைக் காணாதிருப்போமாயின் எமது நீதியுணர்வு அரைகுறையானதே. ஒருவனுடைய மறுப்பை இன்னொருவனுடைய தேவையைக் கொண்டு முறியடிப்பது எவ்வளவு எளிதாயிற்று என்பதே இங்கு கண்டிக்கப்பட வேண்டியது.

அன்று பெரிய விபத்து எதுவும் நிகழவில்லை. ஆகவே சாரதிகளின் அச்சம் வீணானது என்று சிலர் கூறினர், இன்றும் கூறுவர். இதனைத் தருக்க முறையாக நோக்குவோம். இடையிடையே மஞ்சட் கொடி காட்டப்பட்டு ரயர்கள் பரிசோதிக்கப்பட்டன, மாற்றப்பட்டன. சராசரி வேகம் தகுதிகாண் ஓட்டங்களின் வேகத்திலும் பெரிதும் குறைவாக இருந்தது. வெளியேறியவர்கள் அஞ்சியது, முழு வேகத்தில் முழுப் போட்டியோடு நிகழும் ஓட்டத்தை. நடைபெற்றதோ அதுவன்று. மேலும், தீங்கு நேராது போன காரணத்தால் ஆபத்து இருக்கவில்லை என்று முடிவு கட்டுவது, துப்பாக்கி குறி தவறியதால் அதில் குண்டு இருக்கவில்லை என்று வாதிடுவதை ஒக்கும்.

இவ்வாதங்கள் அனைத்தும் மோட்டார் வண்டிக்கு முந்தியவை. 1842 ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் உயர் நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்ட வழக்கொன்றை இங்கு நினைவுகூரலாம். பார்வெல் என்ற ரயில் எஞ்சின் சாரதி, தண்டவாளத்தின் திசைமாற்றியைக் கவனிக்கும் இன்னொரு ஊழியனின் தவறினால் வண்டி தடம் புரண்டு வலக்கையை இழந்தான். கம்பனியிடம் நட்டஈடு கோரினான். பிரதம நீதியரசர் லெமுவல் ஷோ கோரிக்கையை நிராகரித்தார். எஞ்சின் சாரதிக்கு நாளொன்றுக்கு இரண்டு டொலர் கூலி. முன்னர் அவன் செய்த தொழிலின் கூலியிலும் அது கூடியது. ஆபத்தின் விலை அக்கூலியிலேயே அடங்கியிருக்கிறது என்பது நீதிமன்றத்தின் தருக்கம். உடன் ஊழியனின் கவனக்குறைவை அவதானித்து முறையிடும் வாய்ப்பு தொழிலாளிக்கு உண்டு என்றும் கருதப்பட்டது. எங்கோ தொலைவில் நின்ற திசைமாற்றி ஊழியனை ஓடும் எஞ்சினில் நிற்பவன் எவ்வாறு கண்காணிப்பான் என்ற கேள்வி நீதிமன்றத்தின் முடிவை மாற்றவில்லை. இக்கோட்பாட்டின் பிடியைத் தளர்த்துவதற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் தோன்ற வேண்டியிருந்தது. அச்சட்டங்கள் நீதிமான்களின் இரக்கத்தால் மட்டும் பிறந்தவையல்ல. தொழிலாளரின் நெடிய போராட்டமும் அவற்றின் பின்னால் இருந்தது. பழைய கோட்பாடோ பந்தயத் தடத்திலே புதிய வீடு கண்டுகொண்டது.

ரலடேகா நிகழ்ச்சி முதல் முயற்சியன்று. 1961 ஆம் ஆண்டில் கேட்டிஸ் ரேணர் என்ற புகழ்பெற்ற சாரதி, லொறிச் சாரதிகளின் பெருந் தொழிற்சங்கமாகிய ரீம்ஸ்ரர்ஸின் துணையோடு பந்தயச் சாரதிகளை ஒன்றுதிரட்ட முயன்றார். ரேணரை நாம் இலட்சியவாதியாகச் சித்திரிக்க வேண்டியதில்லை. அவர் தாம் தொடங்கிய சார்லற் பந்தயத் தடத்தின் கடனை அடைக்கப் பணம் தேடிக்கொண்டிருந்தார். அக்கடனுதவியின் எதிர்பார்ப்பிலேயே சங்க வேலை தொடங்கியது. பந்தயத்தின் மீது பணயம் வைக்கும் சூதாட்டத்தைக் கொண்டுவரும் திட்டமும் அதனோடு கலந்திருந்தமையால் சாரதிகள் பலர் ஐயுற்றனர். ஆயினும் காப்புறுதி, ஓய்வூதியம், பரிசில் நியாயமான பங்கு என்ற கோரிக்கைகள் அவரது கடனால் பொய்யாகிவிடவில்லை. பிரான்ஸ் கடுமையாக எதிர்த்தார். ரேணருக்கும், அவரோடு நின்ற ரிம் புளொக்கிற்கும் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. சங்கத்திற் சேர்ந்திருந்த பயர்போல் ரொபேட்ஸ் என்ற பெருஞ் சாரதி சில நாட்களில் விலகிக்கொண்டார்.

அந்த ரொபேட்ஸ் 1964 மே மாதம் 24 ஆம் நாள் சார்லற் தடத்தில் நேர்ந்த விபத்தில் எரிகாயமுற்று, ஐந்து வாரங்களுக்கு மேல் மருத்துவமனையிற் கிடந்து, யூலை 2 ஆம் நாள் இறந்தார். சங்கம் இருந்திருந்தால் அவர் இறந்திருக்கமாட்டார் என்று கூற எவராலும் முடியாது, நாமும் கூறவில்லை. எரிபொருட் தாங்கி உடைந்து தீப்பற்றாதிருக்கும் வகையில் ரப்பர்ப் பைகள் அமைக்கும் வேலை அத்தகைய மரணங்களின் பின்னரே விரைவு பெற்றது என்பதை மட்டும் குறிக்கின்றோம். 1965 இல் ரேணரின் தடை நீக்கப்பட்டது. நட்சத்திரச் சாரதிகள் குறைந்து, அரங்குகளிற் கூட்டமும் குறைந்திருந்த காலம் அது. மன்னிப்பிற்கும் சந்தை நிலவரம் உண்டு போலும்!

ஒரே தடத்தில் ஓடுபவர்களின் ஆபத்தும் ஒரே அளவினதன்று என்பதையும் மறந்துவிடலாகாது. வேர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரைச் சேர்ந்த வெண்டல் ஸ்கொற் என்ற கறுப்பினச் சாரதி, தம் புதல்வர்களையே உதவியாளராகக் கொண்டு, பிறர் பயன்படுத்திய உறுப்புக்களையும் ரயர்களையும் வாங்கி ஓடியவர். 1963 டிசெம்பர் 1 ஆம் நாள் புளோரிடாவின் ஜக்சன்வில் நகரில் அவர் வென்றபோது வெற்றி இன்னொருவருடையதென அறிவிக்கப்பட்டது. தவறு பின்னர் ஒத்துக்கொள்ளப்பட்டது. வெற்றி மேடையிற் பெறவேண்டிய கௌரவமோ அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1973 மே மாதம் ரலடேகாவில் இருபதுக்கு மேற்பட்ட கார்கள் சிக்கிய விபத்தொன்றில் அவர் படுகாயமுற்றார். அவருடைய பந்தய வாழ்வு பெரும்பாலும் அதனோடு முடிந்தது. அவருக்குப் பின் முதன்மைத் தொடரில் கறுப்பினச் சாரதியொருவர் வெல்வதற்கு 2021 ஒக்டோபர் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பபா வொலஸ் பெற்ற அவ்வெற்றியும் அதே ரலடேகாவிலேயே நிகழ்ந்தது. ஸ்கொற்றும் தம் ஆபத்தை 'விரும்பி' ஏற்றவரே. ஆனால் பழைய ரயரோடு ஓடுவதை அவர் விரும்பியிருப்பாரா? வசதி படைத்தவனும் வசதியற்றவனும் ஒரே படிவத்திற் கையொப்பமிடுகின்றனர். கையொப்பங்கள் ஒன்றுபோல இருக்கின்றன. அவை வாங்கிக்கொள்ளும் ஆபத்துக்கள் வேறுவேறானவை.

இவ்விடத்தில் எமது கருத்திற்கு எதிரான வலுவான உண்மையொன்றையும் நாம் எதிர்கொள்ள வேண்டும். ஆபத்தைக் குறைக்கும் சாதனங்களைச் சாரதிகளே வெறுத்த காலமும் உண்டு. மோதலின்போது தலை முன்னோக்கி வீசப்பட்டு மண்டையோட்டின் அடி முறியாதவாறு, தலைக்கவசத்தைத் தோளோடு பிணைத்துக் காக்கும் கருவி 1980 களிலேயே உருவாக்கப்பட்டிருந்தது. அது அசௌகரியமானதென்று பலர் அணிய மறுத்தனர். மறுத்தவர்களுள் டேல் ஏண்காட் ஒருவர். அச்சமற்றவர் என்ற பெயரே அவரது மூலதனமாக இருந்தது. 2000 ஆம் ஆண்டில், றிச்சட் பெற்றியின் பேரனான பத்தொன்பது வயது அடம் பெற்றி உட்பட மூவர் தடங்களில் மாண்டனர். 2001 பெப்ருவரி 18 ஆம் நாள், டேற்றோனாப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஏண்காட்டும் மாண்டார். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே கருவி கட்டாயமாக்கப்பட்டது. மோதலின் விசையை உள்வாங்கும் உருக்குச் சுவர்களும் தொடர்ந்து அமைக்கப்பட்டன. அதன் பின்னர் முதன்மைத் தொடரின் பந்தயங்களிற் சாரதி எவரும் மாண்டதில்லை.

இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. 'விளையாட்டின் இயல்பு' என்று கருதப்பட்ட மரணங்களுட் பல தடுக்கப்படக்கூடியவையே என்பது ஒன்று. ஆபத்தை ஏற்பவனின் விருப்பமே அவன் வாழும் சூழலால் உருவாக்கப்படுகிறது என்பது மற்றது. அஞ்சாமையைக் கொண்டே மனிதனை மதிப்பிடும் உலகத்தில் வளர்ந்தவனுக்குப் பாதுகாப்பைக் கேட்பதே கோழைத்தனமாகத் தோன்றும். அந்நிலையில் அவன் தன் வாயாலேயே 'எனக்கு வேண்டாம்' என்று சொல்வான். கருவி எல்லோருக்கும் கட்டாயமானபோதோ எவரும் கோழையாகவில்லை. முன்னர் வேகத்தைப் பற்றிக் கூறியது துணிவிற்கும் பொருந்துகிறது: தனியொருவன் இறக்கிவைக்க முடியாத சுமையை எல்லோரும் ஒருங்கே இறக்கிவைக்கலாம்.

வேகத்தின் வரலாறும் அவ்வாறே. 1970 மார்ச்சில் ரலடேகாவில் பட்டி பேக்கர் மணிக்கு 200 மைலைக் கடந்தார். அதே ஆண்டின் ஓகஸ்ற் மாதத்தில், இயந்திரத்திற்குச் செல்லும் காற்றை மட்டுப்படுத்தும் தகடுகளை நாஸ்காரே கட்டாயமாக்கியது. வெளியேறிய சாரதிகள் மீது கோழைத்தனம் சுமத்தப்பட்டு ஓராண்டுகூட நிறைவுறவில்லை! காலப்போக்கில் விதிகள் மாறி வேகம் மீண்டும் ஏறிற்று. 1987 இல் பில் எலியற் தகுதிகாண் ஓட்டத்தில் 212.809 மைல் வேகத்தை எட்டினார். அதே வார இறுதியில், மே 3 ஆம் நாள், பொபி அலிசனின் கார் ரயர் வெடித்துப் பின்புறமாகத் திரும்பி, வானில் எழுந்து, பார்வையாளர் பகுதியின் வேலியைக் கிழித்தது. பார்வையாளர் பலர் காயமுற்றனர். அன்றைய பந்தயத்தில் வென்றவர் அவருடைய மகன் டேவி அலிசன். மறு ஆண்டிலிருந்து டேற்றோனாவிலும் ரலடேகாவிலும் காற்றுத் தகடுகள் மீண்டும் கட்டாயமாயின. தகடு உச்ச வேகத்தைக் குறைத்தது. ஆனால் எல்லாக் கார்களையும் ஒரே வேகத்திற்குக் கொண்டுவந்து நெருக்கமான கூட்டமாக ஓடவைத்தது. ஒருவர் தடுமாறினால் இருபது கார்கள் மோதும் நிலை உருவாயிற்று. அம்மோதலுக்கு இரசிகர்கள் 'பெரியது' என்று செல்லப் பெயரும் சூட்டியுள்ளனர்.

இச்செல்லப் பெயர் எம்மைப் பார்வையாளனின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. மரணத்தைக் காணவே மக்கள் அங்கு கூடுகின்றனர் என்று சிலர் எளிதாகக் கூறிவிடுவர். அது அவதூறு. தொழிற்சாலையிலும் பண்ணையிலும் வாரம் முழுவதும் உழைத்துவிட்டுக் குடும்பத்தோடு வந்து அமரும் அம்மக்கள் தம் சாரதிகளை நேசிப்பவர்கள். ஏண்காட் மாண்டபோது அவர்கள் உற்றாரை இழந்தவர்போல் அழுதனர். 2009 ஏப்ரலில் ரலடேகாவின் இறுதிச் சுற்றில் காள் எட்வேட்ஸின் கார் வேலியில் மோதிச் சிதறிப் பார்வையாளர் சிலரைக் காயப்படுத்தியது. எட்வேட்ஸ் சிதைந்த காரிலிருந்து இறங்கி, எல்லைக் கோடு வரை காலால் ஓடி முடித்தார். கூட்டம் ஆரவாரித்தது. மனிதன் அழிவின் வாயிலிருந்து நடந்து வெளிவருவதைக் கண்டு மகிழும் ஆரவாரம் அது. அதைப் பழிக்க எமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் பார்வையாளனின் விருப்பத்தில் ஒரு முரண்பாடு உண்டு. ஆபத்து மெய்யானதாக இருக்க வேண்டும்; தீங்கு மட்டும் நேரக்கூடாது என்று அவன் விரும்புகிறான். இவ்விரண்டையும் ஒருங்கே எவராலும் உறுதிப்படுத்த முடியாது. அவ்விடைவெளியை நிரப்புவது சாரதியின் உடல். அதற்கான விலையின் ஒரு பகுதியே நுழைவுச்சீட்டாக விற்கப்படுகிறது. இதனால் பார்வையாளன் குற்றவாளியாகிவிடான், ஆனால் தொடர்பில்லாதவனுமாகான். 1969 இல் அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு ஒரே கட்டணத்தில் இரு பந்தயங்கள் கிடைத்தன. சாரதிகள் ஏன் வெளியேறினர் என்ற கேள்விக்கு விடையாகவே அந்த இரண்டாவது நுழைவுச்சீட்டு அவர்கள் கையிற் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர்களை நாம் இகழவில்லை. மலிவான இன்பத்தைக் கொடுத்துக் கேள்வியை வாங்கிக்கொள்வது எவ்வளவு பழைய வாணிபம் என்பதை மட்டும் அவதானிக்கிறோம்.

வெளியேற்றத்தின் முடிவு யாது? அடுத்து வந்த பந்தயங்களின் விண்ணப்பப் படிவத்தில், பதிவு செய்துகொண்ட சாரதி பொதுமக்களின் நம்பிக்கையைக் காத்துத் தவறாது ஓடவேண்டும் என்ற உறுதிமொழி சேர்க்கப்பட்டது. சாரதிகள் சங்கம் சில ஆண்டுகளிற் செயலிழந்தது. இன்று அவர்களுக்கு ஆலோசனை கூறும் அவை ஒன்று உண்டு; கூட்டாகப் பேரம் பேசி ஒப்பந்தம் செய்யும் தொழிற்சங்கம் இல்லை.

விரும்பி ஏற்றல் என்பதற்கு நாம் ஓர் உரைகல்லை முன்வைக்கலாம். ஒருவன் ஓர் ஆபத்தை ஏற்றுக்கொண்டான் என்பதற்கு அவன் 'ஆம்' என்று சொன்னது போதிய சான்றாகாது. அவன் 'இன்று மாட்டேன்' என்று சொல்லிவிட்டு நாளை தன் தொழிலுக்குத் திரும்பக்கூடியவனாக இருந்தானா என்பதைப் பார்க்க வேண்டும். மறுக்கும் உரிமை எவ்வளவோ அவ்வளவே விருப்பத்தின் உண்மையும். 1961 இன் வாழ்நாள் தடையையும் 1969 இன் உறுதிமொழியையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். சாரதியின் விருப்பம் பூரணமானதென்று நம்பியவர்கள், அவ்விருப்பம் மாறிவிடாதபடி ஏன் இத்தனை பூட்டுக்களைப் பூட்டினர்? இச்சங்கதியை வாழ்க்கையின் ஏனைய துறைகளுக்கும் விரித்துப் பார்ப்பது வாசகர்களுக்குக் கடினமாக இராது.

ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையிலே வீரத்தைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம். களத்தில் முன்னேறிச் செல்பவனின் வீரத்தையே பெரும்பாலும் பேசுகிறோம். வெடிக்கப்போகும் ரயரோடு 200 மைல் வேகத்தில் ஓடத் துணிபவனும் வீரனே. அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் கோழை என்ற பெயர் தமக்கு வரும் என்பதை அறிந்தும், முழு நாட்டின் கண்முன்னே காரை லொறியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்களின் துணிவுக்கு எமது பாடநூல்களில் இடமில்லை. அத்தகைய துணிவுக்குக் கிண்ணமும் இல்லை, கொடியும் இல்லை. மாணவரிடம் நாம் எவ்வகை வீரத்தைப் புகழ்கிறோமோ அவ்வகை வீரமே அவர்களுக்குப் பிற்காலத்தில் இயல்பானதாகத் தோன்றும். முன்னே பாய்வதை மட்டும் புகழ்ந்து பழகிய சமுதாயம், யாரை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பாயச் செய்துவிடலாம். மறுப்பதற்கும் சேர்ந்து நிற்பதற்கும் வேண்டிய துணிவைக் கற்பிக்கும் பொறுப்பு எம்முடையதே.